புள்ளிகளின் கையெழுத்து: செட்டிநாட்டு வளவுகள் விடுதிகளான வரலாறு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாரம்பரியத் தங்கும் விடுதிகளாக மாறிவருவதைச் சுற்றுலாத் துறையினர் மீட்பு என்று கொண்டாடுகிறார்கள். பண்பாட்டு ஆர்வலர் பலரோ முன்னோர் சொத்து கடைச்சரக்காகிவிட்டது என்று வருந்துகிறார்கள். இரு தரப்பினரும் தேக்குத் தூண்களையும் சுதைச் சிற்பங்களையும் பார்த்த அளவுக்கு அவ்வீடுகளின் உடைமை முறையைப் பார்க்கவில்லை. எந்த வீடு விடுதியாயிற்று, எந்த வீடு கதவும் நிலையுமாகப் பிரித்து விற்கப்பட்டது என்பதைப் பணத்தைவிடப் பங்காளிகளின் எண்ணிக்கையே பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில், இவ்வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகத்தாரான நகரத்தார் முதன்மையானவர்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாதபோது நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில தேசியமயச் சட்டமும் அந்த வரவை அறுத்தன. மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் வெவ்வேறு வேகத்தில் சுருங்கியது. வீட்டைத் தாங்கிய வருமானம் கடல் கடந்து கிடந்தது. அது நின்றபோது ஊரில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பர்மாவில் இழந்த குடும்பங்களில் பல சென்னையிலும் கோவையிலும் ஆலை, வங்கி, கல்வி நிறுவனம் என்று மீண்டும் செழித்தன. அவர்களுடைய வீடுகளிலும் சில பாழடைந்து கிடப்பதை வறுமையால் விளக்க முடியாது.

வீட்டின் அமைப்பில் விடை இருக்கிறது. தெருவை ஒட்டி உயர்ந்த திண்ணையும் முகப்பும்; அங்கே ஆண்களின் கொடுக்கல் வாங்கல், கணக்குப்பிள்ளையின் மேசை. முகப்பைக் கடந்தால் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி வளவு. அதற்குப் பின்னே இரண்டாம் கட்டு, பெண்களின் புழக்கமும் அடுப்படியுமாகப் பின் தெருவரை நீளும். வளவின் இரு பக்கமும் வரிசையாகச் சிற்றறைகள். திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. மணமானவுடன் மகனை ‘வேறு வைத்து’ விடுவார்கள். உலை தனி, செலவு தனி. கூரையும் முற்றமும் சாமி கும்பிடும் இடமும் பொது. அந்த அறையில் பெரும்பாலும் மனைவியின் சீர் சாமான்கள்தான் பூட்டிக் கிடந்தன. படுப்பதும் உண்பதும் பட்டாலைக் கூடத்திலும் முற்றத்து ஓரத்திலும் நடந்தன.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு ஆண்கள் கணக்கு முடியும்வரை, ஆண்டுக்கணக்கில், ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்தார்கள். வீடு நிறைந்தது கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கும்தான். பந்திக்குப் பந்தி நூற்றுக்கணக்கானோர் உட்காரும் போஜன சாலை, மூட்டை மூட்டையாய் அரிசி வைக்கும் அறை, ஆளுயர அண்டாக்கள் ஆகியவை எல்லாம் விருந்தாளியை எண்ணிச் செய்தவை. ஆகவே விருந்தினர் விடுதி இவ்வீட்டுக்கு அந்நியப் பயன்பாடு என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பூட்டி வைத்துச் சீட்டுக் கொடுத்துக் காட்டும் அருங்காட்சியகத்தைவிட, இலை போட்டுப் பரிமாறும் விடுதி அதன் இயல்புக்கு நெருக்கமானது.

ஆனால் எந்தக் கட்டடங்கள் விடுதியாயின என்று பாருங்கள். காரைக்குடியின் ‘பங்களா’ இதில் முன்னோடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடும்பம் விருந்தினரை உபசரிக்கக் கட்டிய கட்டடம் அது. வளவும் புள்ளி அறைகளும் கொண்ட வீடு அன்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி மெய்யப்பன் 1990களின் இறுதியில் அதை விடுதியாக நடத்தத் தொடங்கினார். கானாடுகாத்தான் ‘விசாலம்’ 1930களின் ஆர்ட் டெகோ பாணியில், தந்தை ஒருவர் தம் மகளுக்காகக் கட்டியது. ஆண் வழிப் பங்கு முறைக்கு வெளியே பிறந்த வீடு என்பதே அதன் நல்லூழ் என்று கருதுகிறேன். இரண்டிலும் உடைமை தொடக்கத்திலேயே சிதறாமல் இருந்தது. கடியாபட்டி ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலம் ‘சாரதா விலாஸ்’ போன்ற முழு வளவு வீடுகளும் விடுதியாகியுள்ளன. ஆனால் செட்டிநாட்டின் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நிற்கும் வீடுகளோடு ஒப்பிட்டால் இவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

மற்ற வீடுகளில் நான்காம் தலைமுறைக்குள் பங்காளிகள் சாதாரணமாக முப்பது, நாற்பது பேர் ஆகிவிடுகிறார்கள். தமிழ்நாடு 1989இலும் நடுவண் அரசு 2005இலும் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குச் சம பங்கு தந்தன. நியாயமான, தாமதமாக வந்த உரிமை அது. கூடவே ஒப்பம் இட வேண்டியோரின் பட்டியலும் நீண்டது. கூட்டுச் சொத்தில் ஒத்துவராதவர்களுக்கு நீதிமன்றம் காட்டும் வழி பிரித்துக்கொள் அல்லது விற்றுப் பங்கிடு என்பதுதான். முற்றத்தை எப்படிப் பிரிப்பது? அதனால் பிரிக்க முடிந்தவை பிரிந்தன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு நிலைகளும், எனாமல் தூக்குகளும், ரவிவர்மா அச்சுப் படங்களும் அடுக்கியிருப்பது அந்தப் பாகப்பிரிவினையின் மிச்சம்.

விடுதியாவதால் மட்டும் வீடு தப்பிவிடும் என்பதுமில்லை. செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டால் பளிங்குபோல் வழுவழுக்கும், கோடையிலும் சில்லென்றிருக்கும். சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்தி, படிப்படியாக மென்மையான பூச்சுகளை ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய வேலை அது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும். விடுதிக்காக அறைக்கு அறை குளியலறை சேர்த்து, குழாய் புதைத்து, அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். உத்திரங்களின் முனையைக் கரையான் பிடிக்கும். ஓட்டிலிருந்து முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் வழியே ஊருணி சேர்ந்த மழைநீரின் வழியையும் மறித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புக் கொத்தர்களும் ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்களும் குறைந்துவரும் நிலையில், சரியாகப் புதுப்பிக்கும் விடுதிகள் அவர்களுக்குத் தொடர்ந்து வேலை தருகின்றன. விடுதிகளால் விளைந்த நன்மைகளில் இதையே தலையாயதாக எண்ணுகிறேன்.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டின் 11 ஊர்கள் மூன்று தொகுதிகளாக இடம்பெற்றன. தமிழ்நாடு 2012இலேயே மரபு ஆணையச் சட்டம் இயற்றியது. இவ்விரண்டும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் காக்க உதவலாம். நாற்பது பங்காளிகளை ஒரு பத்திரத்தில் கொண்டுவர உதவா. அதற்கான பழக்கம் நகரத்தாரிடமே இருக்கிறது. தங்கள் ஒன்பது குலக் கோயில்களையும் காசியிலும் இராமேசுவரத்திலும் உள்ள சத்திரங்களையும் பலர் கூடிப் பொது நிர்வாகமாக, கணக்கு எழுதி, தலைமுறை தாண்டி நடத்தியவர்கள் அவர்கள். அந்த முறையை வளவுக்கும் கொண்டுவரலாம். வீட்டை ஒரு குடும்ப அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அனைவருக்கும் உரிமை வைத்து, மிச்ச நாள்களுக்கு முகப்பையோ மாடியையோ விடுதிக்குக் குத்தகை விடலாம். சுண்ணாம்புப் பூச்சைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதலாம். இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தமிழக அரசு தள்ளுபடி செய்ய வேண்டும். பங்காளிகளின் பட்டியலை நினைவிலிருந்து சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே குடும்பத்தார் கூடி உட்கார்ந்து அதை எழுதிவிட வேண்டும்.