குடலைச் சுருக்கினால் மூட்டு வீங்குமா? - எடை குறைப்பு அறுவையின் மறந்துபோன ஒரு பக்கம்

என் அத்தைக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பார். நோய் வந்தபோது ஒல்லியாக இருந்தவர், இன்று 96 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது திடீரென்று கேட்டார்: "ஏண்டா தம்பி, டிவியில காட்டுறாங்களே, வயித்தைச் சுருக்குற ஆபரேஷன், அதை நான் பண்ணிக்கலாமா? இந்த மூட்டு வலிக்காரிக்கெல்லாம் பண்ணுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இந்த அறுவைச் சிகிச்சை இன்று மூட்டு நோய்க்காரர்களுக்கு நல்லது செய்யுமா என்று ஆராய்கிறார்கள். ஆனால் ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அறுவைதான் நன்றாக இருந்தவர்களுக்கு மூட்டு நோயைக் கொண்டுவந்தது! அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் சொந்த உடலையே தாக்குவதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறார்கள். மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். தோலில் வந்தால் சொரியாசிஸ். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. தைராய்டைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ நோய். 1912ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயர்தான் அது. ஆனால் அது தன்னுடல் தாக்கு நோய் என்பதற்கு ஆதாரம் 1956ல்தான் கிடைத்தது. உடல் தன்னைத் தானே தாக்கும் என்பதை அதுவரை பலர் நம்பவே மறுத்தார்கள்.

இனி 1948க்குப் போவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், மேயோ கிளினிக். ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் பல வருடமாக ஒரு விஷயத்தைக் கவனித்து வந்தார். முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் வலி குறைகிறது. மஞ்சள் காமாலை வந்தாலும் குறைகிறது. அப்படியானால் உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து சுரக்க வேண்டும் அல்லவா? அந்த ஆண்டு செப்டம்பரில், எழுந்து நடக்கவே முடியாத 29 வயதுப் பெண் ஒருவருக்கு, எட்வர்டு கெண்டால் பிரித்தெடுத்திருந்த கார்ட்டிசோன் என்ற பொருளை ஊசி மூலம் கொடுத்தார். சில நாட்களிலேயே அந்தப் பெண் நடந்தார். 1950ல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. இவ்வளவு வேகமாகக் கிடைத்த நோபல் பரிசுகள் குறைவு.

ஆனால் சீக்கிரமே மறுபக்கமும் தெரிந்தது. மருந்தைத் தொடர்ந்தால் முகம் நிலா போல உருண்டை ஆகிறது, பசி கட்டுக்கடங்குவதில்லை, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது. இன்று ஸ்டீராய்டு என்று நாம் சொல்லும் மாத்திரைகள் இந்தக் கார்ட்டிசோனின் வாரிசுகள். என் அத்தையின் எடை ஏறிய கதையும் இதுதான். வலி ஒருபுறம் நடக்க விடாது, மாத்திரை மறுபுறம் பசியைக் கிளப்பும். "தின்னு தின்னு பெருத்துட்டா" என்று கல்யாண வீட்டில் பேசுபவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது!

இப்போது அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். 1952ல் ஸ்வீடனில் விக்டர் ஹென்றிக்சன் என்பவர் எடை குறைப்பதற்காக ஒரு நோயாளியின் சிறுகுடலில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தை வெட்டி எடுத்தார். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. 1954ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமனும் அவருடைய சகாக்களும் வேறு வழியைச் சொன்னார்கள். (மறுபடியும் மினசோட்டா! கார்ட்டிசோன் முதல் ஊசி போட்டு ஆறே வருடம்.) குடலை வெட்டி எறிய வேண்டாம். மேல் பகுதியைக் கடைசிப் பகுதியோடு நேராக இணைத்துவிட்டு, நடுவில் உள்ள நீண்ட குடலைச் சும்மா உள்ளேயே விட்டுவிடலாம். சாப்பாடு குறுக்கு வழியில் போய்விடும், சத்து உறிஞ்சப்படாது, எடை குறையும். ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையில் போகும் பேருந்து மாதிரி.

1963ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பேய்னும் டிவிண்டும் இன்னும் ஒரு படி மேலே போய், சிறுகுடலின் மேற்பகுதியை நேராகப் பெருங்குடலிலேயே இணைத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, உடலின் உப்புச் சத்துகள் தாறுமாறாகின. அறுவையைத் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று. 1969ல் திருத்திய அளவு சொன்னார்கள்: சிறுகுடலின் தொடக்கத்தில் 14 அங்குலம், முடிவில் 4 அங்குலம், இரண்டையும் இணைத்தால் போதும். சுமார் ஆறு மீட்டர் குடலில் அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் சாப்பாடு பயணம் செய்யும். எழுபதுகளில் அமெரிக்காவில் இது பரவியது. எடை நிஜமாகவே குறைந்தது.

பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் வந்தது. இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. என்னை உட்கார வைத்தது வேறொன்று. அறுவை முடிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து, சிலருக்கு விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எல்லாம் வீங்கின. தோலில் சீழ் வைத்த சின்னக் கொப்புளங்கள், காய்ச்சல். முன்பு மூட்டு நோயே இல்லாதவர்கள் இவர்கள்! 1971ல் இதைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பிறகு வந்த சில தொகுப்புகளில் ஐந்தில் ஒருவர் வரை இந்தத் தொல்லை இருந்தது.

காரணம் என்ன? உள்ளே சும்மா கிடந்த அந்த நடுக் குடல்தான். சாப்பாடு ஓடாத குடல், தண்ணீர் ஓடாத வாய்க்கால் மாதிரி. அங்கே பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்தன. அவற்றைப் பிடிக்க உடல் எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கியது. இரண்டும் ஒட்டிக்கொண்டு கட்டிகளாக ரத்தத்தில் சுற்றி, மூட்டிலும் தோலிலும் போய்ப் படிந்து அழற்சியைக் கிளப்பின. 1976ல் வேண்ட்ஸ் என்பவரின் குழு, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் குளிர வைத்தால் படியும் புரதங்களைப் பிரித்தெடுத்து, அதற்குள் குடல் பாக்டீரியாக்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதைக் காட்டியது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்தால் வீக்கம் குறைந்தது. குடலைப் பழையபடி இணைத்துவிட்டால் நோயே போனது.

யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பு மண்டலம் மூட்டைத் தாக்குவதற்கான காரணம் குடலில் இருக்கலாம் என்று மனிதர்களிடமே தெரியாமல் நடந்த ஒரு சோதனை இது. யாரும் திட்டமிடவில்லை. குடல் நுண்ணுயிர்களுக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று இன்று பெரிதாக ஆராய்கிறார்கள். அந்த நோயாளிகள் கொடுத்த விலைக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த அறுவை எண்பதுகளில் கைவிடப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்தது அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் 1966ல் தொடங்கிய இரைப்பை மாற்றுவழி அறுவை. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியவர்கள் ஒல்லியாகவே இருந்துவிடுவதைப் பார்த்து வந்த யோசனை அது. இரைப்பையின் மேலே ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதைக் குடலோடு இணைப்பது. குடலின் எந்தப் பகுதியும் முழுக்கச் சும்மா கிடக்காது, ஜீரண நீராவது ஓடிக்கொண்டிருக்கும். 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு, உடல் நிறை எண் 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கூடவே கடுமையான வேறு நோய் இருந்தாலோ அறுவை செய்யலாம் என்றது. 2022ல் இந்த வரம்பை 35 என்று தளர்த்தினார்கள், ஆசியர்களுக்கு 27.5 என்றும் சொன்னார்கள். நாம் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாகிறோம் என்பதுதான் காரணம். என் அத்தையின் எண் 38க்கு மேல். ஆக எடைக் கணக்கில் அவர் தகுதி பெறுகிறார்.

சரி, கொழுப்புக்கும் மூட்டு நோய்க்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் 1993 என்ற ஆண்டு வருகிறது. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி இருவரின் குழு, டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் மருந்தை 20 முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து, நல்ல பலன் கிடைத்ததை வெளியிட்டது. அதே 1993ல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில் என்பவரும் அவருடைய சகாக்களும், குண்டான எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். பொருளைச் சுரப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் எந்தப் பொருளை அடைக்க மருந்து தேடினார்களோ, அதே பொருளை மறுபக்கம் கொழுப்பு உற்பத்தி செய்துகொண்டிருந்தது! 2003ல் இன்னொன்றும் தெரிந்தது. பருமனானவர்களின் கொழுப்பில் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த விழுங்கு செல்கள் கூட்டமாகக் குடியேறுகின்றன. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பாடம் பழசாகிவிட்டது.

அப்படியானால் கொழுப்பைக் குறைத்தால் நோய் தணியுமா? 2015ல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், எடை குறைப்பு அறுவை செய்துகொண்ட 53 முடக்குவாத நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். அறுவைக்கு முன் 57 சதவீதம் பேருக்கு நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. ஓராண்டு கழித்து அது 6 சதவீதம். 2017ல் டென்மார்க்கில் இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிதாகச் சொரியாசிஸ் வருவது குறைந்தது. ஆனால் இரைப்பையில் வெறும் பட்டை மாட்டிக்கொண்டவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எடை குறைவது மட்டும்தான் காரணமா, குடலின் வழி மாறுவதும் சேர்ந்ததா என்ற கேள்வி இதனால் எழுகிறது. எழுபதுகளின் கதையே திரும்பி வந்து, இந்த முறை நல்ல முகத்தைக் காட்டுகிறது போல.

அவசரப்பட்டுச் சந்தோஷப்படவும் கூடாது. 53 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. அதோடு, நோயின் கடுமையை அளக்க ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. அளவு, எடை குறைந்தாலே தானாகக் குறையும். மூட்டு உண்மையில் ஆறியதா, கணக்கு மட்டும் ஆறியதா என்று எப்படிச் சொல்வது?

எல்லா நோய்க்கும் ஒரே பதிலும் கிடையாது. 1995ல் வட கரோலினாவின் வால்டர் போரிஸ், இரைப்பை மாற்றுவழி அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்குச் சர்க்கரை சரியாகிவிட்டதாக எழுதினார். அது இரண்டாம் வகை நீரிழிவு. முதல் வகைக்காரர்கள் இதைப் படித்து ஏமாறக் கூடாது. அவர்களுக்கு இன்சுலின் அளவு குறையலாம், நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குடலையே தாக்கும் கிரோன் நோய் உள்ளவர்களுக்குக் குடலில் கைவைக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். பின்னாளில் நோய்க்காக அதே குடலை வெட்ட வேண்டி வரலாம் அல்லவா? அவர்களுக்குப் பெரும்பாலும் இரைப்பையைக் குழாய் போல் குறுக்கும் அறுவையையே யோசிக்கிறார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். ஏற்கெனவே மெலிந்த எலும்பு இந்த அறுவையால் இன்னும் மெலியலாம். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. 2021 முதல் எடை குறைப்புக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாகுளுடைட் போன்ற ஊசிகளும் வந்துவிட்டதால், கத்தியா ஊசியா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

எல்லாவற்றிலும் முக்கியமாக எனக்குப் பட்டது வலி மாத்திரை விஷயம். இரைப்பை மாற்றுவழி அறுவை செய்தவர்கள் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இரைப்பைப் பையும் குடலும் சேரும் தையல் இடத்தில் புண் வந்துவிடும். அது ஓட்டையாகவும் ஆகலாம். மூட்டு வலிக்காரர்கள் அன்றாடம் நம்பியிருக்கும் மாத்திரையே அதுதான்! குழாய் போல் குறுக்கும் அறுவையில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமை இல்லை என்கிறார்கள். ஆனால் அதில் நெஞ்செரிச்சல் அதிகமாகலாம்.

அடுத்த மாதம் அத்தைக்கு மூட்டு மருத்துவரிடம் முறை. கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த வகை அறுவை, ஸ்டீராய்டை எவ்வளவு குறைத்த பிறகு செய்வது, வாதத்துக்கான மற்ற மருந்துகளை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது, இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவார்களா என்று. ஐம்பது வருடக் கதையையும் சொன்னேன். ஸ்வீடன், மினசோட்டா எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வலி மாத்திரை பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ராத்திரி வலி தாங்காம போடுவேனே, அந்த மாத்திரை இனிமே கிடையாதா?"

"கிடையாது அத்தை. பாரசிட்டமால்தான்."

தாளை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்தார். "டாக்டர்கிட்ட இதை முதல்ல கேக்கணும்" என்றார்.