தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு சினிமாக் கம்பெனி

1945-ல் தமிழ் சினிமாவுக்கு மூன்று ஊர்கள்தான். சென்னை, கோவை, சேலம். சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா. அந்தப் பட்டியலில் செட்டிநாட்டுப் பொட்டல் ஒன்றைச் சேர்க்கப்போவதாக யாராவது சொல்லியிருந்தால் காரைக்குடிக்காரர்களே சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 14-ம் தேதி ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் என்ற பெயர் பதிவானது. உரிமையாளர் ஏ.வி. மெய்யப்பன், காரைக்குடிக்காரர், வயது 38.

அவர் பிறந்த நகரத்தார் சமூகத்து வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வலையபட்டியோ தேவகோட்டையோ, எந்த ஊர்ப் பெரிய வீட்டிலும் மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' உண்டு. அதே முகப்பு, அதே வளவு, அதே கூரை. ஆனால் உலை தனி, அரிசி தனி, கணக்கும் தனி. அந்த நாளிலிருந்து அவன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். மெய்யப்பன் சினிமாவில் வேறு வைத்துக்கொண்டது 38 வயதில்தான். அதற்கு முன் எடுத்ததெல்லாம் கூட்டு.

1907 ஜூலை 28-ல் பிறந்தவர். தகப்பனார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடை வைத்திருந்தார். கிராமபோன் இசைத்தட்டும் அங்கே விற்றது. மெய்யப்பனின் உண்மையான பள்ளிக்கூடம் அந்தக் கல்லாப்பெட்டி என்பேன். எந்தத் தட்டை மறுபடி வந்து கேட்கிறார்கள், எந்தத் தட்டு தூசி பிடித்துக் கிடக்கிறது என்று தினமும் பார்க்கிற பையனுக்கு ரசிகன் என்பவன் யார் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டை விற்பதைவிடத் தயாரிப்பதில்தான் லாபம் என்று தோன்றியதும் சென்னைக்குப் போய், 1932-ல் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஓடியன் இசைத்தட்டுகள் அந்த வழியாகத்தான் தமிழ்நாடெங்கும் போயின.

பேசும்படம் வந்த புதிது. பாட்டு விற்கிறவருக்குப் படத்தின் மேல் கண் போகாமல் இருக்குமா? 1935-ல் கல்கத்தா போய் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். கையைக் கடித்தது. அதே ஆண்டு 'ரத்னாவளி'. அதுவும் கடித்தது. பிறகு பெங்களூர்க்காரரான ஜெயந்திலாலோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ். 1938-ல் வந்த 'நந்தகுமார்' ஓடியது. கிருஷ்ணனாக வந்த சிறுவன் டி.ஆர். மகாலிங்கத்தைத் தமிழ்நாடு அந்தப் படத்தில்தான் முதலில் பார்த்தது. நடித்த பெண்ணின் குரல் மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது என்பார்கள்.

காதில் இடறியதை அவர் விட்டுவைத்ததே இல்லை. 1945-ல் 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராமல், எடுத்து முடித்த படத்தில் பி.ஏ. பெரியநாயகியின் குரலை மாற்றிப் பொருத்தினார். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா' முழுவதற்கும் தமிழ்க் குரல் கொடுத்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இசைத்தட்டுக்காரரின் மூளை இது. அவருக்கு உருவமும் குரலும் தனித்தனிச் சரக்குகள்.

குடும்பப் படம் என்ற வகைக்கு அவர் வந்தது சிரிப்பு வழியாக. 1941 டிசம்பரில் வந்த 'சபாபதி' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். ஏ.டி. கிருஷ்ணசாமியோடு சேர்ந்து இயக்கினார். மக்கு எஜமான் ஒருவன், அவனைவிட மக்கான வேலைக்காரன் ஒருவன். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும். ராஜா இல்லை, முனிவர் இல்லை, மாயவித்தை இல்லை. ஒரு வீடு, அதற்குள் நடக்கும் அசட்டுத்தனம், அவ்வளவுதான். புராணம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

அதே டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. சில மாதங்களில் மலேயாவும் பர்மாவும் விழுந்தன. செட்டிநாட்டு வீடுகளில் அது எத்தகைய இடி என்று இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள் கடையைப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் சொன்னது. போர் முடிந்தும் சென்னையில் ஸ்டூடியோ கட்ட மின்சார இணைப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மெய்யப்பன் ஊருக்குத் திரும்பினார்.

தேவகோட்டை ரஸ்தா என்பது ரயில் நிலையத்தின் பெயர். அந்தப் பக்கம் இருந்த ஒரு நாடகக் கொட்டகையையும் அதைச் சுற்றிய இடத்தையும் வாடகைக்குப் பிடித்தார். கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. அலுவலகம், நடிகர்கள் தங்கும் இடம், சமையல்கட்டு எல்லாம் கீற்றுதான். சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் இழைத்த மாளிகைகள் பூட்டிக் கிடக்க, நடுவில் இது.

கஷ்டகாலத்து ஏற்பாடாகவே இதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. சென்னையில் ஒரு நடிகர் காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொன்று என்று ஓடலாம். இங்கே எங்கே ஓடுவது? எல்லோரும் ஒரே இடத்தில் தூங்கி எழுந்து, ஒரே பந்தியில் சாப்பிட்டு, மாதக்கணக்கில் ஒரே கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாடகக் கம்பெனியின் கட்டுப்பாடும் செட்டிநாட்டு வட்டிக்கடைப் பெட்டியடியின் கணக்கும் ஒன்றாக அமைந்தன.

அங்கே உருவான படம் 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம்தான் மூலம். என்.எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்த நாட்களில், அவருடைய நாடக சபையை எஸ்.வி. சகஸ்ரநாமம் நடத்திவந்தார். அந்த மேடையில் பெயர் வாங்கிய நாடகத்தின் உரிமையை மெய்யப்பன் வாங்கினார். இயக்கமும் அவரே. மகாலிங்கம், பி.ஆர். பந்துலு, டி.ஏ. ஜெயலட்சுமி, சாரங்கபாணி நடித்தார்கள். கள்ளச்சந்தைக் கிழவர் சண்முகம் பிள்ளையாக வந்தவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். வி.கே. ராமசாமிக்கு அதுதான் முதல் படம். கிழவர் வேஷம் அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அவரை விடவில்லை.

கதை அண்ணன் தம்பி கதை. பணத்தால் ஒரு வீடு சிதறுகிறது, பிறகு கூடுகிறது. ஆனால் அந்த வீட்டின் ஜன்னல்களைத் தெருப்பக்கம் திறந்து வைத்ததில்தான் மெய்யப்பன் தெரிகிறார். பாரதி விழாவில் தொடங்கும் படம் காந்தியின் 77-வது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் முடிகிறது. ரேஷனிலும் பதுக்கலிலும் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் கள்ளச்சந்தைக்காரனைத் திரையில் பார்த்தார்கள். வழுவூர் ராமையா பிள்ளை அமைத்த நடனத்தைக் குமாரி கமலா ஆட, டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டைப் பாடினார். படம் வந்தது 1947 ஜனவரி 12. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் அதை முன்கூட்டியே கொண்டாடிவிட்டார்கள்.

பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதிவதற்கான உரிமை அப்போது ஜெசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் இருந்தது. அதை மெய்யப்பன் விலைகொடுத்து வாங்கியிருந்தார். பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, தகராறு வந்தது. ஒரு தேசியக் கவியின் பாட்டு தனியார் சொத்தாக இருப்பதா என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். சென்னை மாகாணத்தின் ஓமந்தூரார் ஆட்சி தலையிட்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமல் 1949-ல் ஒப்படைத்தார். வியாபாரியாக வாங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய நேரம் எது என்பதும் அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

இவரை இயக்குநர் என்பதா, முதலாளி என்பதா? கேமராக் கோணத்தில் புதுமை தேடுகிறவர்கள் 'நாம் இருவர்' பார்த்தால் ஏமாறுவார்கள். நாடக வாடை தூக்கலாகவே இருக்கும். அவருடைய திறமை வேறிடத்தில். எது வீட்டுப் பெண்களைத் தியேட்டருக்குக் கூட்டிவரும், எந்தக் காட்சியில் ஜனங்கள் நெளிவார்கள் என்பது முன்னமே தெரியும். நெளியும் காட்சியை இரக்கமில்லாமல் வெட்டித் திரும்ப எடுப்பார். காசு போகிறதே என்று தயங்கியவரில்லை. கூட்டாளியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அப்படி முடியுமா? வேறு வைத்துக்கொண்டதன் பலன் இது.

1948-ல் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. சென்னையில் மின்சாரம் கிடைத்தது, காரணம் அவ்வளவே. அதே சமயத்தில் காரைக்குடி வேறு திசையில் வளர்ந்தது. 1947-ல் கொடைவள்ளல் அழகப்பர் அங்கே கல்லூரி தொடங்கிவிட்டார். 1948 ஜூலையில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். சினிமா போனதற்காக ஊர் அழுததாகத் தெரியவில்லை.

சென்னையில் மெய்யப்பன் இயக்கிய 'வாழ்க்கை' (1949) வைஜயந்திமாலாவின் முதல் படம். ஏமாற்றப்பட்ட பெண், அவள் விட்டுச்சென்ற குழந்தை என்று இன்னொரு குடும்பக் கதை. தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. 'நாம் இருவர்' கூட்டத்தில் இருந்தவர்கள் தனித்தனியே வளர்ந்தார்கள். நீலகண்டன் இயக்குநரானார். பந்துலு சொந்தக் கம்பெனி வைத்து 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார், பாரதி பாடல்கள் நிறைந்த படம். மெய்யப்பன் இயக்குநர் நாற்காலியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, 1979-ல் மறையும்வரை எடிட்டிங் அறையை மட்டும் விடவில்லை.

அந்த எடிட்டிங் அறைக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். சுயமரியாதை இயக்கத்து இராம. சுப்பையாவின் மகன். கடவுள் இல்லை என்று பேசிய வீட்டில் பிறந்து, 1985-ல் ரஜினியை வைத்து 'ஸ்ரீ ராகவேந்திரர்' எடுத்த எஸ்.பி. முத்துராமனைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)