நேர்ந்து வருகிறவரும் கூலிக்கு வருகிறவரும்

வேலப்பன்சாவடிக்கு அருகே, திருவேற்காட்டை ஒட்டி இருக்கிறது நூம்பல். சென்னையின் மேற்குப் புறநகர் எப்படி வளர்கிறது என்று பார்க்க இந்த வட்டாரம் போதும். கருமாரியம்மனைக் கும்பிட ஒரு கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளில் வேலை பார்க்க இன்னொரு கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. முதல் கூட்டத்துக்காகச் சுற்றுலா மேம்பாடு என்று அரசு திட்டம் போடுகிறது. இரண்டாவது கூட்டத்துக்காகத் திறன் பயிற்சி என்று திட்டம் போடுகிறது. துறைகள் வேறு, அமைச்சர்கள் வேறு, கோப்புகள் வேறு. இருவரும் நடக்கிற தெரு மட்டும் ஒன்று. அது உள்ளாட்சியின் தெரு. இந்த இரண்டையும் ஒரு நகர்மன்றம் ஒரே கூட்டத்தில் ஆய்வுக்கு எடுத்தால் என்ன தெரியவரும்? முதல் ரூபாயை எதற்கு ஒதுக்க வேண்டும்?

விளம்பரம் கேட்காத ஊர்கள்

இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது. திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலோடு சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலும் உண்டு. மூர்க்க நாயனார் பிறந்த ஊரும் அதுதான். பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். ஆவடிப் பக்கம் போனால் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில். இவை போக, ஒன்பது சிவன் கோயில்களைக் கோத்து சென்னையின் நவக்கிரகத் தலங்கள் என்று ஒரு சுற்றே உருவாகிவிட்டது. சூரியனுக்குக் கொளப்பாக்கம், சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, சனிக்குப் பொழிச்சலூர், ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம். கும்பகோணம் வரை போக முடியாதவர்கள் இங்கேயே சுற்றி முடித்துவிடுகிறார்கள். 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களுக்குச் சுற்றுலாப் பேருந்து விடுகிறது.

ஆனால் இங்கே வருகிறவரைக் கூட்டி வருவது சுவரொட்டி அல்ல, வேண்டுதல். மாங்காடு காமாட்சிக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் வருவதாக நேர்ந்துகொள்வது வழக்கம். வந்தவர் இன்னொரு முறை வருவாரா என்று உலகத்துச் சுற்றுலாத் துறைகள் எல்லாம் கவலைப்படுகின்றன. மாங்காட்டுக்கு வருகிறவரோ முதல் வாரமே மீதி ஐந்து வாரத்துக்கும் வாக்குக் கொடுத்துவிடுகிறார். அவரிடம் போய் ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று விளம்பரம் செய்ய என்ன இருக்கிறது?

அவர் இரவு தங்குவதில்லை. காலையில் வந்து, பூவும் பழமும் வாங்கி, தரிசனம் முடித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார். விடுதி அறை எத்தனை நிரம்பியது என்ற வழக்கமான சுற்றுலாக் கணக்கு இந்த ஊர்களுக்குப் பொருந்தாது. அவருக்கு வேண்டியவை கழிப்பறை, குடிநீர், வண்டி நிறுத்த இடம், வெறுங்காலோடு நடக்கத் தோதான தரை, வரிசையில் நிற்க நிழல், மழை பெய்தால் தண்ணீர் தேங்காத தெரு. எல்லாமே கட்ட வேண்டியவை. சுற்றுலா மேம்பாடு என்ற தலைப்பின் கீழ் இந்த வட்டாரம் கேட்பதெல்லாம் கட்டுமானம்தான்.

கூலியை விட்டுவிட்டுக் கற்க வேண்டியவர்

கட்டட வேலைப் பக்கம் கதை தலைகீழ். அங்கே ஆள் தானாக வருவது வேலைக்கு, பயிற்சிக்கு அல்ல. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் அடிக்கிறவர், டைல்ஸ் பதிக்கிறவர் என்று எவரைக் கேட்டாலும் மேஸ்திரி ஒருவரின் பின்னால் நின்று பழகியதாகச் சொல்வார்கள். இந்தக் குருகுலத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளைக் கட்டியது அதுதான். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மேஸ்திரிக்குத் தெரியாததைச் சீடன் கற்க வழியில்லை. கூடவே, மேஸ்திரி கற்றுத்தர விரும்பாதவர் கற்கவே முடியாது. பையன் சில வருடத்தில் கரண்டி பிடிக்கிறான். அவனோடு வேலைக்குச் சேர்ந்த பெண் சித்தாளாகவே இருந்து சித்தாளாகவே ஓய்கிறாள். அவளுக்குத் திறன் இல்லை என்பதல்ல, கரண்டியை யாரும் கையில் கொடுக்கவில்லை.

முறையான பயிற்சிக்கு இந்தப் பகுதியில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மவுண்ட் பூந்தமல்லி சாலையில் மணப்பாக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவு, கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தைச் சென்னையில் 1995இல் தொடங்கியது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் மூன்று மாதப் பயிற்சியும், ஏற்கெனவே தொழில் தெரிந்த பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும் அளிக்கிறது. ஒரு வாரப் பயிற்சிக்கு வருகிறவருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் கொடுக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதை அரசு ஒப்புக்கொண்ட அடையாளம் அது. அதே சமயம், சென்னைப் பக்கம் கைதேர்ந்த கொத்தனாரின் நாள்கூலி அதைவிடக் கூடுதல். பயிற்சி முடிந்து திரும்பியவருக்கு மேஸ்திரி கூலியைக் கூட்டித் தருவாரா என்றால், அப்படி எந்த விதியும் இல்லை.

சிங்கப்பூரில் தேர்ந்த கைக்கு மதிப்புத் தரும் விதி ஒன்று இருக்கிறது. கட்டுமான வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்துக்கொள்ளும் முதலாளி அந்த அரசுக்கு மாதாந்தரத் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல், உயர் திறன் பெற்றவர் என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அடிப்படைத் திறன் மட்டுமே உள்ளவருக்கு 900 வெள்ளி. தேர்ந்த கையை வைத்துக்கொண்டால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அந்த நாட்டுக்குப் போகத் தேர்வெழுதும் தமிழ்நாட்டு இளைஞர்கள் கைக்காசைச் செலவு செய்து, கடன் வாங்கிக்கூடப் பயிற்சி எடுக்கிறார்கள். அதே ஊர்க்காரர் இங்கே இலவசப் பயிற்சிக்கு வரத் தயங்குகிறார். அவருக்குக் கற்கும் ஆர்வம் இல்லை என்று சொல்வது அபத்தம். அங்கே சான்றிதழுக்கு விலை உண்டு, இங்கே இல்லை.

ஒரே சாலையில் இரண்டும்

நவக்கிரகச் சுற்றுக்குக் கிளம்பும் வண்டி போரூரில் குருவைத் தரிசித்துவிட்டுக் குன்றத்தூர் சாலையைப் பிடிக்கிறது. கெருகம்பாக்கத்துக்கும் கோவூருக்கும் போகும் வழியில் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று மழை மாலையில், அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களே அதிகம். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இந்த விபத்தைக் காட்டி ‘அதனால்தான் தொழிலாளிக்குப் பயிற்சி தேவை’ என்று சொல்வது அநியாயம். பதினொரு மாடியின் தூணும் அடித்தளமும் சித்தாள் தீர்மானிக்கிற விஷயம் அல்ல. அவற்றுக்கு வடிவமைத்தவரும் மேற்பார்த்தவரும் அனுமதித்தவரும்தான் பதில் சொல்ல வேண்டும். மௌலிவாக்கம் காட்டுவது வேறு. கட்டடத்தின் அனுமதித் தாள் அரசு அலுவலகத்தில் இருந்தது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் என்று சொல்லும் தாள் இல்லை. கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நாம் திருவிழாதோறும் உத்தேசமாகவாவது எண்ணுகிறோம். கட்டடத்துக்குள் இருக்கிறவர்களை, அது இடிந்த பிறகே எண்ணினோம்.

பணம் போகும் வழி

இரண்டு துறைகளும் மிக நெருங்கி வருவது வரவு செலவில். கோயிலுக்கு வருகிறவர் உண்டியலில் போடுவதும் அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுப்பதும் கோயில் கணக்குக்குப் போகின்றன. அறநிலையத் துறை அதை நிர்வகிக்கிறது. அது சட்டப்படி சரியே. பக்தர் கொடுத்தது கோயிலுக்கு. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் தெருவைக் கூட்டுவது நகராட்சி.

கட்டட வேலையில் இதன் மறுபாதி. நாடு முழுவதும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீட்டுக்கு அதில் விலக்கு இருந்தது. வரைபட அனுமதி கேட்டு வருகிறவரிடம் உள்ளாட்சி இதை வசூலித்து மாநில வாரியத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சட்டத்தின் கணக்கில் 50 லட்சம் செலவு என்று கணக்கிடப்பட்ட வீட்டுக்கு 50,000 ரூபாய். வசூலித்த தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் வசூல் செலவாகப் பிடிக்கக் கூடாது என்பது அதன் விதி. அதாவது அந்த 50,000 ரூபாயில் உள்ளாட்சியிடம் தங்கக்கூடியது அதிகபட்சம் 500.

இந்தச் சட்டத்துக்கு முன்பே, 1994இல், கட்டுமானத் தொழிலாளருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. வருடக்கணக்கில் சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியது அது. ஆனால் நிதி சேர்ந்த அளவுக்குச் செலவாவதில்லை என்பது தேசிய நோய். 2018 மார்ச் 19 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாட்டுக் கணக்கைச் சொன்னது: வசூலானது சுமார் 37,400 கோடி ரூபாய், செலவானது சுமார் 9,500 கோடி. கொடுத்தவர் இருக்கிறார், பெற வேண்டியவர் இருக்கிறார். அவர்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்தான் கடக்கப்படவில்லை. அந்தத் தூரத்தில் முதல் அலுவலகம், வரைபடத்துக்கு முத்திரை குத்தும் உள்ளாட்சி அலுவலகம்.

எது முதலில்?

இருவருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இப்போது தெளிவாகும். கோயிலுக்கு வருகிறவர் நகர்மன்றம் ஒன்றும் செய்யாவிட்டாலும் வருவார், சிரமப்பட்டுக்கொண்டே வருவார். தொழிலாளி, நகர்மன்றமோ வேறு யாரோ முன்கை எடுக்காவிட்டால் பயிற்சிக்கு வரவே மாட்டார். ஆகவே விளம்பரத்துக்கு என்று இருக்கும் பணம் இந்த வட்டாரத்தில் அனேகமாக வீண். வரவேற்பு வளைவும் ஒளிரும் பெயர்ப்பலகையும் ஏற்கெனவே வழி தெரிந்து வருகிறவருக்கு வழி காட்டும்.

சுற்றுலாவும் கட்டுமானத் திறனும் ஒரே ஊரில் கைகோத்த உதாரணம் தொலைவில் இல்லை. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் பின்னர் சிற்பக் கல்லூரியாக வளர்ந்தது. பல்லவர் விட்டுப்போன கல்லைப் பார்க்க உலகம் வருகிறது. அந்த உலகத்துக்கு விற்கவும், வெளிநாடு வரை கோயில் கட்டவும் கைகளைத் தயார் செய்தது அந்தக் கூடம். அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதி வடிவமைத்த 133 அடி வள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டதிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆட்களை இழுக்கிறது. பயிற்சியே பிறகு சுற்றுலாவாகிறது. எதிர்த்திசையில், விளம்பரம் மட்டும் போட்டுக் கொத்தனாரை உருவாக்கிய ஊர் எதுவும் இல்லை.

நூம்பலையும் திருவேற்காட்டையும் மாமல்லபுரமாக்க முடியாது, வேண்டியதும் இல்லை. இங்கே தேவைப்படுவது கழிப்பறை, நடைபாதை, மழைநீர் வடிகால், குளத்துப் படி. இவற்றுக்கு நகர்மன்றமே டெண்டர் விடுகிறது. அந்த ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளைச் சேர்க்கலாம். வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கு ஒப்பந்ததாரர் பதிவு செய்து தர வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் குறிப்பிட்ட பங்கு ஆட்கள் சான்றிதழ் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் பெண் கொத்தனார்களுக்கு இடம் வேண்டும். சான்றிதழ் உள்ளவருக்கான கூலி வித்தியாசத்தை மதிப்பீட்டிலேயே காட்ட வேண்டும். சிங்கப்பூர் தீர்வையால் செய்ததை இங்கே டெண்டரால் சிறிய அளவில் செய்யலாம். தனியார் கட்டடங்களுக்கு, நல நிதி வசூலிக்கும் அதே மேசையில் தொழிலாளர் பட்டியலையும் கேட்கலாம்.

மறுப்புகள் உண்டு. சிறிய ஒப்பந்ததாரர் காகிதத்தில் பெயர் காட்டி வேறு ஆளை வைத்து வேலை முடிப்பார். வேலையின் விலை கொஞ்சம் ஏறும். வெளிமாநிலத்திலிருந்து வந்து நான்கு மாதத்தில் போகிறவரைப் பதிவு செய்வது எளிதல்ல; பதிவுக்கே வருடத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இவை எல்லாம் உண்மை. ஆனால் விலை ஏற்றம் என்பது ஒரு நடைபாதையை இரண்டாம் வருடமே பெயர்த்துப் போடும் செலவோடு ஒப்பிட வேண்டியது. பெயர் மாற்றி எழுதும் ஏமாற்றைப் பிடிக்கவாவது முதலில் ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும். இன்று அதுகூட இல்லை.

எனவே இரண்டு பொருளும் ஆய்வுக்கு வரும்போது நகர்மன்றம் இரண்டு தீர்மானம் போட வேண்டியதில்லை. சுற்றுலாவுக்கான ஒதுக்கீட்டை விளம்பரத்திலிருந்து எடுத்துக் கட்டுமானத்துக்கு மாற்றுவது; அந்தக் கட்டுமானத்தைத் தேர்ந்த கைகளுக்குக் கூடுதல் கூலி தந்து செய்விப்பது. ஒரே தீர்மானத்தின் இரண்டு வரிகள் இவை. முதல் வரியால் நேர்ந்து வருகிறவருக்குக் கால் சுடாத நடைபாதை கிடைக்கும். இரண்டாவது வரியால் அந்த நடைபாதையைப் போட்டவருக்குக் கையில் ஒரு சான்றிதழும், அதைக் காட்டிக் கேட்க ஒரு கூலியும் கிடைக்கும்.