சிறுவரின் ஆடுகளமும் பெரியோரின் ஆசையும்

1879ஆம் ஆண்டிலே, பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியும் சென். தோமஸ் கல்லூரியும் முதன்முறையாகக் கிறிக்கற் ஆட்டத்தில் எதிர்நின்றபோது, மாணவரோடு ஆசிரியரும் சேர்ந்து ஆடினர். மறு ஆண்டு தொடக்கம் மாணவர் மட்டுமே ஆடினர். பெரியோர் களத்தைவிட்டு விலகினர். ஆயின், சிறுவரின் ஆட்டத்தை விட்டும் அவர்கள் விலகினரா? கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்குத் தரும் விடை மகிழ்ச்சிக்குரியதன்று.

நமது பாடசாலை விளையாட்டு முறையின் வேர் விக்டோரியா காலத்து இங்கிலாந்திலே உளது. ஆங்கே மேட்டுக்குடி மாணவர் தாமாகவே ஆடிய ஆட்டங்களை நிருவாகம் கையேற்றமைக்குத் தெளிவான சமூகக் காரணம் இருந்தது. 1851இல் மால்பறோ கல்லூரி மாணவர் நிருவாகத்துக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 1852இல் தலைமையாசிரியராக வந்த கொற்றன் என்பார், ஊர் சுற்றித் திரிந்த மாணவரைக் கல்லூரி எல்லைக்குள் நிறுத்தும் வழியாக ஒழுங்கமைந்த விளையாட்டைக் கையாண்டார். பேரரசை ஆளப்போகும் வர்க்கத்துக்குக் கீழ்ப்படிதலையும் கட்டளையிடுதலையும் ஒருங்கே பழக்கும் பயிற்சிக்களமாக மைதானம் மாறிற்று. இல்லப் பிரிவுகளும், அணித்தலைவர் பதவிகளும், கேடயங்களும் குடியேற்ற நாடுகளுக்கு அவ்வழியே வந்தவையாம். யாழ்ப்பாணத்தில் 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி ஆட்டத்தை நாம் ‘வடக்கின் பெரும்போர்’ என்று அழைக்கின்றோம். சிறுவரின் ஆட்டத்துக்குப் போரின் பெயரைச் சூட்டியவர் சிறுவரல்லர்.

பேரரசு செய்ததை வேறொரு வகையில் வணிகமும் செய்தது. 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போட் நகரிலே காள் ஸ்ரொற்ஸ் என்னும் சாதாரண ஊழியர், அயற்சிறுவருக்காக மூன்று பேஸ்போல் அணிகளை அமைத்தார். ‘லிற்றில் லீக்’ என்னும் அவ்வியக்கம் 1947இல் தனது முதலாவது பெருஞ்சுற்றுப் போட்டியை நடத்திற்று. அடுத்து ஒரு பெரிய றப்பர் நிறுவனம் அதற்குப் புரவலராயிற்று. பெருவளர்ச்சியும் வணிகப் போக்கும் தமது நோக்கத்தைக் கெடுக்கின்றன எனக் கருதிய ஸ்ரொற்ஸ், வழக்கு வரை சென்று, 1950களின் நடுப்பகுதியில் தாம் பெற்ற பிள்ளையாகிய அவ்வியக்கத்தை விட்டே பிரிய நேர்ந்தது.

இவையெல்லாம் முதலாளித்துவத்தின் கேடுகள் என்று சொல்லி நாம் அமைதியடைய முடியுமாயின் நன்று. உண்மை நம்மை அவ்வாறு விடுவதில்லை. ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு 1950களின் தொடக்கத்திலேயே சிறுவர் விளையாட்டுப் பாடசாலைகளை நிறுவியது. ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பயிற்றுநரும் மைதானமும் கிடைத்தமை அதன் பெருமை. ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாடு, 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் 40 தங்கப் பதக்கங்களை வென்று ஐக்கிய அமெரிக்காவையும் முந்திற்று. பெண்களுக்கான 13 நீச்சற் போட்டிகளில் 11 தங்கம் அந்நாட்டினருக்கே. ஆயின் அப்பதக்கங்களின் மறுபக்கத்தை நாம் பார்த்தாக வேண்டும். 1974இல் அரசு வகுத்த இரகசியத் திட்டத்தின்படி, பதின்ம வயதுச் சிறுமியருக்கும் ஆண்மை இயக்குநீர் சார்ந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவை உயிர்ச்சத்து மாத்திரைகள் எனப் பலரிடம் கூறப்பட்டது. அவர்களுட் பலர் வாழ்நாள் முழுதும் உடற்கேடுகளைச் சுமந்தனர். 2000ஆம் ஆண்டில் பேர்லின் நீதிமன்றம் அந்நாட்டு விளையாட்டுத்துறைத் தலைவராயிருந்த மன்பிறெட் ஏவால்டையும் மருத்துவர் ஹொப்னரையும் குற்றவாளிகளாகக் கண்டு, ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. மக்களின் பெயரால் நடந்த ஆட்சியும் சிறுமியின் உடலைத் தன் புகழுக்குரிய கருவியாக்கிற்று. இதை ஏனையோர் சொல்லுமுன் நாமே சொல்லுதல் கடன்.

பேரரசு, வணிகம், அரசு ஆகிய மூன்றும் தம்முள் மாறுபட்டவை. எனினும், பிள்ளையின் வெற்றியிலே தமது பெருமையைத் தேடியமை மூன்றுக்கும் பொது. மைதானத்தின் ஓரத்தில் நின்று கூச்சலிடும் தந்தையும், தோற்ற பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் கூனிக் குறுகச் செய்யும் ஆசிரியரும் அச்சங்கிலியின் கடைசிக் கண்ணிகளேயாவர்.

வேறு வழி உண்டா? உண்டு என்பதற்கு நோர்வே சான்று. அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை ஏற்றது; 2007இல் சிறுவரின் உரிமைகளையும் வகுத்துரைத்தது. பதினொரு வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியலில்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய வாகையர் போட்டியில்லை. எந்த ஆட்டத்தை ஆடுவது, எவ்வளவு பயில்வது என்பவற்றில் பிள்ளையின் சொல்லுக்கும் இடமுண்டு. இதனால் அந்நாடு நலிந்துவிடவில்லை. 53 இலட்சம் மக்களே கொண்ட நோர்வே, 2018ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. அவ்வெற்றிக்குப் பனியும் செல்வமும் காரணமாயிருக்கலாம். ஆயினும், பிஞ்சிலே கசக்கினாலன்றிக் கனி கிடையாது என்போரின் வாதம் அங்கே பொய்த்தது என்பது உறுதி.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் எழுந்தது. இலங்கை அதனை 1991இல் ஏற்றது. ஓய்வும் விளையாட்டும் சிறுவரின் உரிமை என அதன் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. உரிமை என்பது திறமைசாலிக்குத் தரும் பரிசன்று. அணியில் இடம்பெறாது வேலியோரம் நிற்கும் பிள்ளைக்கும் உரியது.

ஆசிரியராகிய நாம் அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளும் ஆடத்தக்க நேரத்தை ஒதுக்கலாம். காயமுற்ற மாணவனை மருத்துவர் சொல்லும்வரை களமிறக்க மறுக்கலாம். பெற்றோர் கூட்டத்தில், புள்ளிகளைப் பற்றிப் பேசுவதோடு, பிள்ளை மகிழ்ச்சியோடு ஆடுகின்றதா எனவும் கேட்கலாம். 1880இல் பெரியோர் களத்தைவிட்டு உடலால் விலகினர். தம் ஆசைகளோடும் விலகுவதே இன்று நம்முன் எஞ்சியுள்ள பணி.