குறையையும் எழுதிவைத்த கையேடு

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளைக் கணினியில் பதியும் காலம் வந்தால், எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு என்ன போடுவது சேர்? பூச்சியமா, வெறுமையாக விடுவதா, ஏபி என்று அடிப்பதா?"

மென்பொருளில் இதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் "போன வருஷம் ஏபி என்றுதான் அடித்தோம்" என்பார். அப்படியே செய்வோம். பூச்சியம் போட்டிருந்தால் வகுப்புச் சராசரி இறங்கியிருக்கும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை, எழுதித் தோற்றதாகப் பதிவாகியிருக்கும்.

இனி இந்த வேலையை ஏஐ ஏஜென்டிடம் கொடுக்கப் போகிறோம் என்று வையுங்கள். ஏஜென்ட் என்றால், நாம் சொன்ன வேலைக்குத் தேவையான மென்பொருள்களைத் தானே இயக்கி முடித்துத் தரும் செயலி. அதற்குப் பக்கத்து மேசை கிடையாது. எழுதிவைத்திருப்பதை வாசிக்கும். எழுதாததை, பெரும்பாலும் ஊகிக்கும்.

இதை யோசிக்கும்போது 50 வருடங்களுக்கு முந்திய ஒரு கையேடு நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969 முதல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் துறைத் தலைவர் டக் மக்கில்ராய், கட்டாயம் ஒரு கையேடு வேண்டும் என்று வற்புறுத்தினார். முதல் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் திகதியிடப்பட்டு வெளிவந்தது. அந்தக் காலத்தில் யுனிக்ஸைப் பாவித்தவர்களில் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவினரும் இருந்தார்கள். விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வது அவர்கள் வேலை. நிரல் எழுதியவர்களின் மனதில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே ஒழுங்கு: பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிழைச் செய்திகள், பொறுப்பாளர். இவற்றோடு இன்னொரு தலைப்பும் இருந்தது: 'குறைகள்'. இந்தக் கட்டளை எங்கே சறுக்கும் என்பதை, அதைச் செய்தவரே எழுதிவைத்தார். தன் நிரலின் குறையைக் கையால் எழுதும்போது வெட்கம் வரும், உடனே போய்த் திருத்துவார்கள் என்று ரிச்சி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரைகள் வந்தன. பார்த்தாலே விளங்கும் என்று சொல்லி விளக்கம் எழுதுவதைப் பலரும் குறைத்துக்கொண்டார்கள். விளங்காத இடத்தை மனிதர்கள் அனுபவத்தால் நிரப்பினார்கள்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம், தன் மொழி மாதிரிகள் வெளிக் கருவிகளை அழைக்க ஒரு வழியைத் திறந்தது. 2024 நவம்பரில் அந்த்ரொபிக் நிறுவனம் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் கருவியைப் பற்றி மாதிரிக்குக் கிடைப்பது மூன்று விடயங்கள்: பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல். 1971இன் கையேட்டுப் பக்கமே வேறு உடையில் திரும்பி வந்ததுபோல இல்லையா?

உள்ளீட்டில் 'திகதி' என்று மட்டும் இருந்தால் 05/06 என்பது ஜூன் 5ஆ, மே 6ஆ? 'பெயர்' என்றால் முழுப் பெயரா, முதலெழுத்துகளுடன் பெயரா? இரண்டிலும் ஏஜென்ட் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது. பிழையான பதிவு மட்டும் மிஞ்சும்.

2025 மார்ச்சில் எம்சிபியில் ஒரு சேர்க்கை வந்தது. இந்தக் கருவி வாசிக்க மட்டுமா, தரவை அழிக்கக்கூடியதா என்று அதைச் செய்தவர் குறித்துவைக்கலாம். இது உத்தரவாதம் அல்ல, குறிப்பு மட்டுமே. ஆனாலும் அந்தப் பழைய 'குறைகள்' தலைப்பின் தேவை மறுபடி உணரப்பட்டிருக்கிறது என்றே நாங்கள் பார்க்கிறோம்.

எங்கள் பாடசாலையில் ஏஜென்ட் இன்னும் வரவில்லை. இருந்தாலும் இந்தத் தவணையில் புள்ளி மென்பொருளுக்கு ஒரு பக்க விளக்கம் எழுதினோம். வராத பிள்ளைக்கு ஏபி. திகதி வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில். பெயர் இடாப்பில் உள்ளபடி. கடைசியாக, 'குறை: சேமித்த பின் திருத்த முடியாது, அதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கவும்'.

எழுதும்போதுதான் தெரிந்தது, இதில் இரண்டு விடயங்களில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. இத்தனை தவணைகளாக ஆளுக்கொரு விதமாகப் பதிந்திருக்கிறோம்.

அந்தப் பக்கம் முதலில் உதவியது, போன மாதம் நியமனம் பெற்று வந்த ஆசிரியைக்கு. அவருக்கும் பக்கத்து மேசையில் இன்னும் யாரையும் தெரியாது. உங்கள் பாடசாலையிலும் இப்படி வாய்வழியாக மட்டும் ஓடும் விடயங்கள் இருக்கும். இந்த விடுமுறையில் ஒன்றையாவது எழுதிவையுங்கள், குறையையும் சேர்த்து.