வீரனுக்குப் பின் வந்த விருத்தாந்தம்

சித்திரக்கதை வீரன் ஒருவன் எவ்வாறு வீரனாயினான் என்று கூறும் தோற்றக்கதையே முதலில் அமைகின்றதென்றும், சாகசங்கள் யாவும் அந்த அஸ்திவாரத்தின்மேல் எழுப்பப்படுகின்றனவென்றும் வாசகர் பலர் எண்ணுவதுண்டு. ஆயினும் இத்துறையின் சரித்திரத்தை ஆண்டு வரிசைப்படி நோக்குவோர்க்கு நிலைமை பெரும்பாலும் மறுதலையாகவே தோன்றும். வீரன் முந்திவிடுகின்றான், அவன் பிறப்பின் விருத்தாந்தமோ பிற்பாடுதான் வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்து சேர்ந்தவற்றுள்ளும், வல்லமை கிடைத்த விதத்தை மட்டும் விளக்கியவை மங்கிப்போக, அவ்வல்லமையுடையான் யாருக்குக் கடன்பட்டவன் என்பதை உணர்த்தியவையே நிலைபெற்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

1938ஆம் ஆண்டு ஜூன் இதழாக வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதலாம் இலக்கத்தில், ஜெரி சீகல் எழுத ஜோ ஷஸ்டர் வரைந்த சூப்பர்மேனின் பூர்வகதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகின்றது. முதுமையால் அழியும் ஒரு கிரகம், அங்கிருந்து விண்கலத்தில் ஏற்றி அனுப்பப்படும் ஒரு சிசு, அதனைக் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் ஒப்படைக்கும் ஒரு வழிப்போக்கர் என்ற அளவே அதன் விரிவு. கிரகத்துக்குக் கிரிப்டன் என்ற நாமமும், குழந்தையைப் பெற்றோர்க்குப் பெயர்களும், வளர்த்த கெண்ட் தம்பதியரும் 1939இலேதான் படிப்படியாகச் சேர்ந்தனர். பேட்மேன் கதையிலும் இதுவே நேர்ந்தது. 1939 மே இதழில் தோன்றிய அவ்வீரன் ஏன் வௌவால் வேடம் பூண்டான் என்பதற்கு, அவ்வாண்டு நவம்பர் இதழ்வரை விடையில்லை. அப்பொழுதும் இரண்டே பக்கங்கள்தாம் அதற்கு ஒதுக்கப்பட்டன. தெருவில் தாய் தந்தையர் சுடப்பட்டு வீழ்ந்ததைக் கண்ட பாலகன் மெழுகுதிரி வெளிச்சத்தில் செய்துகொண்ட சபதமொன்றே அவனுடைய மூலதனம். லீ ஃபால்க் 1936இல் தொடங்கிய வேதாளர் கதையின் நிலை இன்னும் விசித்திரமானது; முகமூடிக்குப் பின்னாலுள்ளவர் நகரத்துச் செல்வச் சீமானொருவர் என்ற எண்ணத்துடன் எழுதத் தொடங்கிய ஆசிரியர், நடுவழியிலே அதனைக் கைவிட்டு, தந்தையைக் கொன்ற கொள்ளையனின் மண்டையோட்டின்மீது செய்யப்பட்ட பிரதிக்ஞை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது என்ற வம்ச வரலாற்றை அமைத்துக்கொண்டார்.

நம்மவர்க்கு இது அந்நியமான முறையன்று. கவச குண்டலங்களோடு பேழையில் மிதந்த கர்ணன் தன் பிறப்பை அறிவது, பாரதப் போர் தலைவாயிலில் வந்து நிற்கும் தருணத்திலேயே. அறிந்ததனால் அவன் வலிமை அணுவளவும் பெருகவில்லை. அருச்சுனன் ஒழிந்த ஏனைய தம்பியரைக் கொல்லேன் என்று தாய்க்கு அளித்த வாக்கு அவனை மேலும் கட்டுகின்றது. தோற்றக்கதை வீரனுக்கு வலிமையைத் தருவதன்று, அவ்வலிமைக்கு எல்லையிடுவது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எந்த மொழியிலும் கிடைத்தல் அரிது.

மேனாட்டுச் சித்திரக்கதையில் இவ்வுண்மை முழு உருப்பெற்றது 1962 ஆகஸ்டில். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகஞ்செய்த பதினொரு பக்கங்களிலே, சிலந்தி கடித்து ஆற்றல் வந்த சம்பவம் விரைந்து கடந்துவிடுகின்றது. கதையின் பாரமெல்லாம், இளைஞன் அலட்சியமாகத் தப்பவிட்ட திருடனே பின்னர் அவனுடைய பெரியப்பனைக் கொன்றான் என்பதிலே தங்கியிருக்கின்றது. சிலந்தியை நீக்கி வேறெந்த ஜந்துவை வைத்தாலும் கதை நிற்கும். தப்பிய திருடனை நீக்கினால் நில்லாது.

அதே 1962ஆம் ஆண்டின் அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற ஆங்கிலேய வார இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டேல், பத்தாண்டுகளின் பின், 1972இல், சிவகாசியிலிருந்து புறப்பட்ட முத்து காமிக்ஸின் முதலிதழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆகித் தமிழுலகம் புகுந்தான். ஆய்வுகூடத்தில் வலக்கையை இழந்து உருக்குக்கை பூண்டவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அக்கை நீங்கலாக முற்றும் மறைபவன். முதலில் தீயவழி சென்று பின்னரே நல்வழி திரும்பியவன். மறைபவனைக் காட்டிக்கொடுக்க அவன் இழப்பின் சின்னமே எஞ்சிநிற்பது, ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகளால் மாத்திரமன்றி, கற்பனையின் தருக்கத்தாலும் சிறந்தது. மின்கம்பியை எட்டத்திலும் காணாத வன்னிக் குக்கிராமத்துச் சிறுவனொருவன் குப்பிவிளக்கின் ஒளியில் இக்கதையைப் படிப்பானாயின், மாயாவியின் ஆற்றலைக்காட்டிலும் அவனுக்கு வேண்டிய மின்சாரமே பெரிய அதிசயமாய்த் தோன்றும் என்பது என் அபிப்பிராயம்.

வன்னிக்குத் தோற்றக்கதை அச்சு வழியாக வந்ததன்று. வடபுலத்துக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்படும் காத்தவராயன் கூத்தில் நாயகன் பிறப்பிலிருந்து கழுமரம்வரை நம் கண்முன்னே வளர்கின்றான். பருவத்துக்கொரு நடிகராகப் பலர் அவனாகின்றனர். ஆனால் வன்னி தன் சொந்த வீரனெனப் போற்றும் பண்டாரவன்னியனுக்கு அத்தகைய பாலப்பருவம் எழுத்திலே இல்லை. ஓமந்தையிலிருந்து கண்டி வீதியால் வடக்கே புளியங்குளம், மாங்குளம் கடந்து, கிழக்கே முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் வரும் ஒட்டுசுட்டானுக்கு அணித்தே கற்சிலைமடு உள்ளது. முதலாம் கண்டிப் போர் நிகழ்ந்த 1803ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 25ஆந் திகதி முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைத் தாக்கிக் கைப்பற்றிய அவ்வன்னியன், அக்டோபர் 31ஆந் திகதி இக்கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையதிகாரி வொன் டிரிபேர்க்கின் படையால் முறியடிக்கப்பட்டான். அவ்விடத்தில் நாட்டப்பட்ட கல்லில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டதும் அத்தோல்விச் செய்தியே. தமிழர் நடுகல்லும் பெரும்பாலும் பிறப்பைச் சொல்லாது வீழ்ந்த செயலையே சொல்லும். ஆனால் அது வீழ்ந்தவனைச் சார்ந்தோர் நட்ட கல். இங்கோ வென்றவரின் செருக்குக்காக எழுந்த கல்லே வீழ்ந்தவனை மறவாதிருக்க ஊராருக்குச் சாட்சியாயிற்று.

1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூல் போன்ற அரசாங்கத்தார் ஏடுகள் படையெடுப்பைப் பேசுகின்றன, குணத்தைப் பேசவில்லை. நல்லநாச்சியார் என்னும் தங்கையும், காக்கைவன்னியனின் துரோகமும் மக்கள் வாய்வழக்கிலும் நாடகத்திலுமே உயிர்பெற்றன. 1960களில் முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகமும், பிற்காலத்தில் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி எழுதிய ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலும் அவ்வழி வந்தவை. போர்ச்செயல் நிகழ்ந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், அச்செயலுக்குத் தகுந்த ஒரு குடும்பமும் ஒரு பகையும் தேடித் தரப்பட்டன. பேட்மேனுக்கு ஆறு மாதத்தில் நேர்ந்ததே இவனுக்கு நூற்றைம்பது வருடத்தில் நேர்ந்தது.

பிந்திவரும் தோற்றக்கதை எப்பொழுதும் நன்மையே செய்யும் என்பதற்கில்லை. 1974இல் தோன்றிய வுல்வரீனின் பூர்வகதை 2001இல் விரித்துரைக்கப்பட்டபோது, அவனைச் சூழ்ந்திருந்த இருள் அகன்றதேயன்றி, அவன் செயல்களுக்குப் புதிய பொருளொன்று கிடைத்ததென நான் கருதவில்லை. முன்பு படித்த சாகசங்களை மீண்டும் படிக்கத் தூண்டாத விளக்கம் வெறும் ஜாதகக் குறிப்பேயாம்.

பண்டாரவன்னியனைச் சித்திரக்கதையாக வரைய முற்படும் வன்னி இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம்: அவன் தொட்டிலையும் குருகுலத்தையும் கற்பித்துப் பக்கங்களை நிரப்ப வேண்டா. 1803 ஆகஸ்டு மாதத்து முல்லைத்தீவிலிருந்து தொடங்குங்கள். அவன் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தான் என்பதை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல், கதை பாதி கடந்த பின்னர்ச் சொல்லுங்கள்.