பணிசெயல் முறைமையின் முறிவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், பொறி இடைநடுவில் நின்றுபோன சந்தர்ப்பங்களையும், அவற்றின் காரணத்தை மனிதர் தேடிய முறையையும் சேர்த்து நோக்கும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.

1950களின் தொடக்கத்தில் ஒவ்வொரு செய்நிரலையும் மனிதரே பொறியில் ஏற்றி இயக்கினர். 1956இல் ஐ.பி.எம். 704 கணினிக்கென ஜெனரல் மோட்டோர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய நிறுவனங்கள் ஆக்கிய முறைமை இவ்வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசைக்கான முறைமையோ காலந்தாழ்த்தி, வழுக்கள் மலிந்ததாக வெளிவந்தது. அதன் ஆக்கத்தை நெறிப்படுத்திய பிரெடரிக் புரூக்ஸ், ஒரு வழுவைத் திருத்தும் முயற்சியே மற்றொரு வழுவைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதை 1975இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

தனியாள் கணினிகள் பரவியதும் முறைமையை நிறுவும் பணி வல்லுநரிடமிருந்து சாதாரண பயனாளரின் கைக்கு மாறியது. பல நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே பெட்டியினுள் ஒன்றுசேர்ந்தன. அவற்றை முறைமையோடு பிணைக்கும் செலுத்தி மென்பொருள் பிழைப்படின் கணினி முழுவதுமே முடங்கலாயிற்று. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 காட்சிப்படுத்தப்பட்டபோது, வருடி ஒன்றை இணைத்தவுடன் நீலத்திரை தோன்றியமை பலரறிந்த சான்றாகும்.

நினைவகப் பழுது இதனினும் நுட்பமானது. நிறுவும்போது சுருக்கப்பட்ட கோப்புகள் விரிக்கப்பட்டு நினைவகத்தின் பெரும்பகுதி பயன்படுவதால், அன்றாடப் பாவனையில் புலப்படாத சிறு பழுதும் அப்போது வெளிப்படும். முறிவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் நேரின் நினைவகத்தையோ வெப்பத்தையோ ஐயுறுதலும், ஒரேயிடத்தில் நேரின் நிறுவற் கோப்பையோ செலுத்தியையோ சோதித்தலும் அனுபவம் வகுத்த நெறிகளாம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் அவற்றுள் தலையாயது.

யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குமிடத்து, இவ்வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. லினக்ஸ் தோன்றியதும், ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றதும் 1991ஆம் ஆண்டிலாகும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமிழந்திருந்த குடாநாட்டிலோ, அக்காலத்து மாணவர் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் பயின்றனர். வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றினர். கணினியின் வளர்ச்சி உலகெங்கும் ஒரே சீராக நிகழவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மின்தடையும் முறிவுக்கான காரணங்களுள் ஒன்றே. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின் அறுந்தால் வன்தட்டின் ஒழுங்கு சிதையும். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் கோப்பு முறைமை 1993இல் விண்டோஸ் என்.டி.யிலும், 2001இல் லினக்ஸின் கருவிலும் இடம்பெற்றமை இத்தகைய இடருக்குக் காணப்பட்ட பரிகாரங்களுள் ஒன்றாகும். எனினும் அது முறைமையின் ஒழுங்கைக் காக்குமேயன்றி, நிறுவுபவர் தவறுதலாக அழித்துவிடும் பழைய கோப்புகளை மீட்டுத் தராது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, மறுபிரதியற்ற ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து எழுத்துகளைக் கணினியிற் பேண முனைந்தது. ஏடு கணினியுட் புகுந்ததனால் மட்டும் அழிவினின்றும் தப்பிவிடுவதில்லை. முறைமையை நிறுவுமுன் மறுபிரதி எடுத்து வேறோரிடத்தில் வைத்தல், நெருப்பைக் கண்ட சமூகம் ஒன்றுக்கு வெறும் தொழினுட்ப அறிவுரையன்று. வரலாறு விதித்த கடமையாகும்.